பருப்பிலும் வெல்லமா?
குஜராத்திச் சாப்பாடு வழிப்பயணிகளைக் கவர்வது ஏன்?

அகமதாபாத்துக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வண்டி அகமதாபாத்தை விட்டுப் புறப்பட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கும் குஜராத்திக் குடும்பத்தின் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பா வெளியே வரும். மூடியைத் திறந்ததும் வெந்தயக்கீரை வாசனை பரவும். உள்ளே மஞ்சள் நிறத்தில், மெல்லியதாக, அடுக்கடுக்காகத் ‘தேப்லா’. கூடவே மாங்காய்த் துருவலைச் சர்க்கரை சேர்த்து வெயிலில் பாகாக்கிய ‘சுந்தோ’ ஊறுகாய். ஒரு பொட்டலம் நிறையக் கடலை மாவுக் ‘காட்டியா’.

டப்பாவைத் திறந்த அம்மாள் தம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்து நிறுத்திவிட மாட்டார். “லோ, லோ” என்று எதிரே இருப்பவரிடமும் நீட்டுவார். நம்மவர் கொஞ்சம் தயங்குவார். பிறகு ஒன்றை எடுத்துக் கொள்வார். அரை மணி கழித்து இன்னொன்று கிடைக்குமா என்று டப்பாவைக் கடைக்கண்ணால் பார்ப்பார்!

ஆனால் அதே மனிதர், குஜராத்தில் வேலை பார்க்கும்போது அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்கிறார்? “எல்லாவற்றிலும் சர்க்கரை! மனிதன் சாப்பிடுவானா இதை?” என்கிறார்.

முதல் கவளம்

வாபியிலும் அங்கலேஸ்வரிலும் ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர், சூரத் ஜவுளிக் கடையில் கணக்கெழுத வருகிறவர், வங்கியில் மாற்றலாகி வருகிறவர் - எல்லோருக்கும் முதல் நாள் அனுபவம் ஒன்றுதான். மெஸ்ஸில் சோற்றின் மேல் சாம்பார் மாதிரி ஏதோ ஊற்றுகிறார்கள். ஆவலாகப் பிசைந்து வாயில் வைத்தால் இனிப்பு! மறு நாள் முதல் பன்னும் டீயும்தான். அல்லது ஷிப்டு முடிந்து இரவு பதினொரு மணிக்கு அறைக்கு வந்து ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சோறு பொங்குவது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமே என்று வயிற்றைக் கட்டுகிறவர்களும் உண்டு. ஆறு மாதத்தில் உடம்பு இளைத்து, வயிற்றுப் புண்ணோடு ஊர் திரும்பினால் யாருக்கு லாபம்?

அந்தப் பருப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? நாம் சாம்பாருக்குப் போடும் அதே துவரம்பருப்புத்தான். புளிப்புக்குக் கோகம் அல்லது எலுமிச்சை. கடுகும் கறிவேப்பிலையும் தாளிதம். கொஞ்சம் வேர்க்கடலை. புளிப்புக்கும் காரத்துக்கும் ஈடாக ஒரு கட்டி வெல்லம். நம் பாட்டிமார்கள் புளிக்குழம்பு இறக்கும்போது ஒரு சிட்டிகை வெல்லம் போடவில்லையா? அவர்கள் அதையே கொஞ்சம் தாராளமாகப் போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். கடலை மாவு கரைத்த மோரில் செய்யும் ‘கடி’யும் இப்படியே. நமது மோர்க்குழம்புக்கு அது ஒன்றுவிட்ட தங்கை.

கட்டுச்சோறு கட்டிய நாடு

குஜராத்தி மக்கள் பல தலைமுறைகளாக வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்ப் பிழைத்தவர்கள். கட்ச் பகுதியின் மாண்டவியிலிருந்தும் சூரத்திலிருந்தும் பாய்மரக் கப்பல் ஏறி அரபு நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவின் ஜான்ஸிபாருக்கும் வணிகம் செய்யப் போனார்கள். போகிற இடத்தில் தமக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கெடாத பண்டம் எதுவோ அதுவே அவர்கள் வீட்டில் சிறந்த பண்டமாயிற்று.

தேப்லாவைப் பாருங்கள். கோதுமை மாவு, வெந்தயக்கீரை, மஞ்சள், மிளகாய்ப் பொடி, கொஞ்சம் தயிர். எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டி எடுத்தால் இரண்டு மூன்று நாட்களுக்குக் கவலையில்லை. சப்பாத்தியைத் துணியால் அழுத்தி அழுத்தி மொறுமொறுப்பாகச் சுட்ட ‘காக்ரா’வோ வாரக்கணக்கில் இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பண்டிகையும் உண்டு. ஜன்மாஷ்டமிக்கு முதல் நாள் ‘சீதளா சாதம்’. நம் மாரியம்மனைப் போல அம்மை நோய்க்கு அதிதேவதையான சீதளா தேவிக்கு உரிய நாள். அன்று வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. முந்தின நாளே சமைத்து வைத்த தேப்லா, பூரி முதலானவற்றை ஆறிய நிலையிலேயே சாப்பிடுகிறார்கள்.

1888-ஆம் ஆண்டு பதினெட்டு வயது இளைஞராக மோகன்தாஸ் காந்தி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கூச்சம். எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இருக்கிறதென்று கேட்கவும் கூச்சம். அதனால் சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், உடன் எடுத்துச் சென்ற தின்பண்டங்களையும் பழங்களையும் தம் அறையிலேயே சாப்பிட்டுப் பொழுதைக் கழித்தார். வெளியூரில் முதல் வாரம் தட்டைப் பார்த்து விழித்த எவருக்கும் இது புரியும்.

இட்லிக்கு உறவு முறை

தமிழ் நாக்குக்கு உடனே ஒத்துப் போகக் கூடியது ‘டோக்ளா’. அரிசியும் கடலைப் பருப்பும் ஊறப் போட்டு அரைத்து, இரவெல்லாம் புளிக்க வைத்து, தட்டில் ஊற்றி ஆவியில் வேக வைக்கிறார்கள். துண்டு போட்டுக் கடுகு, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டுகிறார்கள். இட்லியை வளர்த்த கைக்கு இது அந்நியமா? கடலைப் பருப்பில் மட்டும் செய்தால் அது ‘கமண்’. அரிசி, பருப்பு மாவில் சுரைக்காயைத் துருவிப் போட்டு, மேலே எள் தூவி, இரு புறமும் சிவக்கச் சுட்டால் ‘ஹாண்ட்வோ’. நம் அடைக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

சூரத்தில் ‘லோசோ’ என்று ஒன்று. கமண் சரியாக வராமல் குழைந்து போனதில் பிறந்தது என்பார்கள். பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கே குளறுபடி என்றுதான் அர்த்தம்! குழைந்த கமண் மேல் எண்ணெயும் மசாலாப் பொடியும் ஓமப்பொடியும் தூவிக் காலைப் பலகாரமாக விற்கிறார்கள்.

கம்பும் பூண்டும்

குஜராத்தி சாப்பாடு முழுவதும் இனிப்பு என்பவர்கள் சௌராஷ்டிரப் பக்கம் போனதில்லை என்று அர்த்தம். துவாரகைக்கும் சோமநாதபுரத்துக்கும் யாத்திரை போகிறவர்கள் வழியில் ‘காட்டியாவாடி’ என்று பலகை மாட்டிய ஓட்டலில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே கம்பு மாவைக் கையாலேயே தட்டிச் சுட்ட கனத்த ‘ரோட்லோ’. சுட்ட கத்தரிக்காய் மசியல். தக்காளிக் குழம்பில் ஓமப்பொடி போட்ட ‘சேவ் டமேட்டா’. கண்ணில் நீர் வரவழைக்கும் சிவப்புப் பூண்டுச் சட்னி. பக்கத்தில் வெண்ணெய், ஒரு துண்டு வெல்லம், ஒரு பெரிய லோட்டா மோர். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த கரிசல் காட்டுக்காரர் கம்பு ரொட்டியின் வாசனையிலேயே ஊரைக் கண்டுகொள்வார்.

தை பிறந்தால் ஊந்தியு

நம் வீட்டில் பொங்கல் பானை ஏறும் அதே நாளில் குஜராத்தில் ‘உத்தராயண்’. வானம் முழுவதும் காற்றாடி. மொட்டை மாடியில் ‘ஊந்தியு’. சூரத் அவரைக்காய், பிஞ்சுக் கத்தரிக்காய், ஊதா நிற வள்ளிக் கிழங்கு, உருளை, வாழைக்காய், வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் சேர்ந்த குளிர்காலக் கறி. பெயருக்குத் தலைகீழ் என்பது பொருள். காய்களை மண்பானையில் அடைத்து, பானையைக் கவிழ்த்து வைத்து, மேலே நெருப்பு மூட்டி வேக வைத்ததால் வந்த பெயர். நகரத்து வீடுகளில் இன்று சாதாரணப் பாத்திரத்தில் செய்கிறார்கள். ஆனால் குளிர்காலத்தில் வல்சாடு பக்கம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள், பானையைக் கவிழ்த்துச் சுட்ட ‘உம்பாடியு’ விற்பதை இன்றும் சாலை ஓரத்தில் காணலாம்.

‘பஸ்’ சொல்லத் தெரிய வேண்டும்

பெரிய ஊர்களில் தட்டுச் சாப்பாடு ஒரு திருவிழா. ஒரு தட்டில் நாலைந்து கிண்ணம். பருப்பு, கடி, இரண்டு மூன்று கறி, பலகாரம், இனிப்பு. நெய் தடவிய ரொட்டி தட்டில் விழுந்து கொண்டே இருக்கும். பரிமாறுகிறவர் நிறுத்த மாட்டார். “பஸ்” என்றால் போதும் என்று அர்த்தம், வண்டி அல்ல. “தோடு” என்றால் கொஞ்சம். காதில் போடுவது அல்ல. இந்த இரண்டு சொற்களோடு, தட்டின் மேல் கையை வைத்து மறைக்கவும் தெரிந்தால் பிழைத்துக் கொள்ளலாம்.

சிக்கனமாகச் சாப்பிட நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. அகமதாபாத் மாணிக் சௌக்கில் காலையில் காய்கறிச் சந்தை, பகலில் தங்கம் வெள்ளிக் கடைகள், இரவில் பலகாரக் கடைகள். வயிறு சரியில்லாத நாட்களில் இரவுக்குக் ‘கிச்சடி - கடி’ போதும். அரிசியும் பருப்பும் குழைய வேக வைத்த அந்தக் கிச்சடி, பல குஜராத்தி வீடுகளில் இரவு ஆகாரமே. சமைக்க நேரமில்லாத ஷிப்டு நாளுக்கு ஒரு பொட்டலம் காக்ரா அறையில் இருந்தால் பன்னைத் தேட வேண்டாம்.

குஜராத்தில் எல்லோரும் சைவம் என்று நினைப்பதும் தவறு. ஜைன வீடுகளில் வெங்காயம், பூண்டு, கிழங்குகூடக் கிடையாது. போரா முஸ்லிம் வீடுகளிலோ ஒரே பெரிய தட்டைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து, ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துத் தொடங்கிப் பிரியாணி வரை சாப்பிடுகிறார்கள்.

மதுரையில் ஒரு சாட்சி

சௌராஷ்டிரத்திலிருந்து பல நூறு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட நெசவாளர்களின் வழிவந்தவர்கள் மதுரையில் நிறைந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் பேசும் மொழியை அவர்கள் விடவில்லை. அதற்காகத் தமிழ்நாட்டுப் புளியையும் அரிசியையும் ஒதுக்கி வைக்கவும் இல்லை. அங்கிருந்து வந்தவர்களால் இங்கே முடிந்தது, இங்கிருந்து போகிறவர்களால் அங்கே முடியாதா?

அடுத்த முறை வண்டியில் எதிர்ப் பலகையிலிருந்து தேப்லா டப்பா நீளும்போது, ஒன்றை எடுத்துக் கொள்ளலாம். நம் பையில் வாழை இலையில் கட்டிய புளியோதரை இருக்குமே, அதையும் பிரித்து நீட்டலாம். அதில் வெல்லம் குறைவாக இருக்கிறதே என்று அந்த அம்மாள் நினைத்துக் கொள்ளக் கூடும். நினைத்தாலும் வாங்கிக் கொள்வார்.