இறங்கும் கால்

எங்கள் சிமென்ட் பாஸ்கெட்பால் கோர்ட்டில் மாலைப் பயிற்சி ஒரு மரப்பெட்டியோடுதான் தொடங்கும். உயரம் 30 செ.மீ. பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன்மேல் ஏறி, கீழே குதித்து, தரையைத் தொட்ட வேகத்தில் மேலே எம்ப வேண்டும். நான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனில் ஸ்லோமோஷனில் படம் பிடிப்பேன்.

போன ஜூனில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குதித்தாள். நல்ல உயரம், நல்ல கை. வீடியோவை நிறுத்திப் பார்த்தால், பாதம் நேராக இருக்கிறது. இரண்டு முட்டியும் கைகூப்புவதுபோல் உள்ளே வந்து ஒட்டுகின்றன. அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வாடிவிட்டது.

“டீச்சர், இவளுக்குக் கால் கோணலா?”

“இல்லைம்மா. நின்றால் நேராகத்தான் இருக்கிறது. இறங்கும்போதுதான் இப்படிப் போகிறது.”

இந்த வித்தியாசம் முக்கியம். மூன்று நான்கு வயதில் பல குழந்தைகளுக்கு முட்டி தட்டும். ஏழு வயதுவாக்கில் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அதற்கு மேலும் தட்டினால், அல்லது ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால், எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். என் பெட்டி தேடுவது வேறு: எலும்பு நேராக இருந்தும் இடுப்பின் பக்கத்துத் தசைகள் தொடையைப் பிடித்து நிறுத்தாததால் உள்ளே சரியும் முட்டி.

அப்படிச் சரியும்போது அடி வாங்குவது ஏ.சி.எல். என்னும் லிகமென்ட். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் கட்டிவைத்திருக்கும் நார் அது. கால் ஊன்றிய 50 மில்லி செகண்டுக்குள், கண் இமைப்பதற்கு முன்பே, கிழிந்துவிடும். பெரும்பாலும் யாரும் இடித்திருக்கவே மாட்டார்கள். ஷிகாகோ புல்ஸ் பாஸ்கெட்பால் அணியின் டெரிக் ரோஸுக்கு 2012 ஏப்ரல் 28 அன்று இடது முட்டியில் நடந்தது அதுதான். அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு. அமெரிக்காவில் திமோதி ஹியூவெட் குழுவினர் 205 விளையாட்டு வீராங்கனைகளைக் குதிக்கவைத்து அளந்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். பின்னாளில் ஏ.சி.எல். கிழிந்த ஒன்பது பேருக்கு, இறங்கும்போது முட்டி மற்றவர்களைவிட 8 டிகிரி அதிகமாக உள்ளே சரிந்திருந்தது. இதை ஜோசியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சரிகிற முட்டியெல்லாம் கிழிவதில்லை.

என்னுடையது கிழிந்தது. ரீபவுண்டுக்கு எகிறி ஒற்றைக் காலில் இறங்கினேன். ‘டப்’பென்று சத்தம் எனக்கே கேட்டது. அன்றைய கோச் ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, திரும்ப உள்ளே அனுப்பினார். பத்து நிமிடத்தில் முட்டி மறுபடி மடங்கியது. உள்ளிருக்கும் ஜவ்வும் போயிற்று. சத்தம் கேட்டாலோ, முட்டி வீங்கினாலோ, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். அந்தக் காலை யாரும் நீவிவிடவும் கூடாது.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். முட்டிக்கு மேலே ரப்பர் பேண்டு மாட்டிப் பக்கவாட்டு நடை, கண்ணாடி முன் ஒற்றைக்கால் ஸ்குவாட், பிறகு பெட்டி. “சத்தம் வராமல் இறங்குடா” என்பேன். பூனைபோல் இறங்கினால் முட்டி மடங்கி, பாரத்தைத் தொடையும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும்.

ஆகஸ்டில் எடுத்த வீடியோவில் முட்டிகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. அம்மா போனை வாங்கி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். இடது முட்டி மட்டும் கடைசியில் கொஞ்சம் உள்ளே போவதை அவரே கண்டுபிடித்து, விரலை வைத்துக் காட்டினார்.