வெள்ளத்துக்கு எட்டாத நாடா

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது; அருகிலுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஐபிஎம் ஏ.எஸ்.400 வகைக் கணினியில் சம்பளக் கணக்கை வைத்திருக்கும் நிறுவனம், பக்கத்து வட்டிலேயே நகல் எடுத்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். காந்த நாடாவில் எடுத்த நகலையோ கழற்றி மேட்டுப்பகுதிக்கு அனுப்பிவிடலாம். நாடா பழசு, மெதுவானது, இணையச் சேமிப்பு போதாதா என்பார்கள். ஒற்றைக் கோப்பைத் தேடி எடுக்க நாடா மெதுவானதுதான். ஆனால் 2011இல் மென்பொருள் பிழையால் ஜிமெயில் அஞ்சல்கள் அழிந்தபோது, கூகுளே அவற்றை நாடாவிலிருந்துதான் மீட்டது. இணைப்பில் இல்லாத நாடாவை அந்தப் பிழை தொடவில்லை. பணம் பறிக்கும் வைரஸாலும் தொட முடியாது. நகலைச் சோதிக்காமல் அலமாரியில் பூட்டிவைப்பதுதான் பெரிய ஆபத்து. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தாக வேண்டும்.