வன்தட்டு தரும் முன்னறிவிப்புகள்

சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கு. நெசவாளரின் கூலி, நூல் இருப்பு, பங்குத்தொகை, சிக்கனச் சேமிப்பு, விவசாயி வாங்கிய பயிர்க்கடன், அவர் கட்டிய தவணை ஆகிய யாவும் முன்னாளில் பேரேட்டில் இருந்தன. இந்நாளில் அவை பெரும்பாலும் கணினிக்குள் சென்றுவிட்டன. 2022 ஜூன் மாதத்தில், நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்ததை அங்கத்தினர் பலர் அறிவர். பேரேட்டைக் கரையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணினிக்குள் நேரும் சேதமோ எளிதில் புலப்படாது. அதனை முன்கூட்டி அறியும் வழிகளை இங்கே கூற விரும்புகிறோம்.

கணக்குகள் தங்கும் இடம் ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டு. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளையே ஏற்றது. இன்றையது உள்ளங்கையில் அடங்கும். அதன் தட்டுகள் நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனை, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த உயரத்தில், தட்டைத் தொடாமல் மிதக்கிறது. அது தட்டில் உரசினால் அவ்விடத்துக் கணக்கு அழியும்.

தேர்ந்த நெசவாளர், தறியின் ஓசை மாறிய மாத்திரத்தில் கோளாறு உண்டென அறிவார். வன்தட்டிற்கும் ஓசையே முதல் அடையாளம். 'டிக், டிக்' என்று ஒரே சீராகத் தட்டும் ஒலியோ, உரசும் ஒலியோ கேட்டால் ஆபத்து நெருங்கிவிட்டது எனக் கொள்க. பொத்தேரி போல, ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் அருகருகே செல்லும் ஊர்களில் பகற்பொழுதில் இவ்வொலி காதில் விழாது. காலையில் ஜன்னல்களைத் திறக்குமுன் கணினியை இயக்கிச் செவிகொடுத்தல் நலம்.

இரண்டாவது அடையாளம் மந்தம். நேற்றுவரை உடனே திறந்த கணக்கு இன்று பல நிமிஷம் தாமதித்தால் ஐயுற வேண்டும். வைரஸ் முதலிய பிற காரணங்களாலும் மந்தம் ஏற்படலாம். ஆயினும் குறிப்பிட்ட சில கோப்புகளில் மட்டும் அது நேருமாயின் வன்தட்டையே முதலில் சோதிக்க வேண்டும். கோப்புகள் திறக்க மறுத்தல், பெயர்கள் சிதைந்து தோன்றல், வன்தட்டே காணவில்லையெனக் கணினி அறிவித்தல் ஆகியன மூன்றாவது வகை.

நான்காவது, வன்தட்டு தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' என்னும் குறிப்பு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் அதனைப் படிக்கலாம். பழுதுற்றதால் மாற்றப்பட்ட பகுதிகள், படிக்க இயலாது காத்திருக்கும் பகுதிகள் என்னும் இரு எண்களும் பூஜ்யமாக இருத்தல் நன்று. மாதந்தோறும் இவற்றை ஒரு நோட்டில் குறித்துவந்தால், எண் ஏறுவது தானே விளங்கும்.

இவ்வடையாளங்களை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. 2007-இல் கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர் மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். பரிசோதனையில் முதற்பிழை காட்டிய வன்தட்டு, 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றினும் 39 மடங்கு அதிகம் என்று கண்டனர். ஆனால் பழுதானவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எதிலும் எச்சரிக்கை தரவில்லை. புதுவகை எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லையாதலால் ஓசையும் எழாது.

அடையாளம் கண்டவுடன் செய்யத்தக்கது யாது? அங்கத்தினர்வாரி நிலுவையும் சேமிப்பும் அடங்கிய கோப்புகளை முதலில் வேறிடத்திற்குப் பிரதி எடுக்க வேண்டும். அது முடியுமுன் பழுது நீக்கும் மென்பொருள்களை ஓடவிடுதல் கூடாது. தட்டும் ஒலி கேட்டால் கணினியை உடனே நிறுத்தி, அனுபவமுள்ள நிபுணரிடம் ஒப்படைக்க வேண்டும். வன்தட்டைத் திறந்து பார்த்தல் அறவே கூடாது. ஒரு தூசியும் அதனைக் கெடுக்கும்.

பிரதிகள் இரண்டு வேண்டும். அவற்றுள் ஒன்று சங்கக் கட்டடத்திற்கு வெளியே இருத்தல் அவசியம். 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், முடிச்சூர் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கியதையும் இவ்வட்டாரத்தார் மறந்திரார். மூலமும் பிரதியும் ஒரே மேஜை அறையில் இருந்தால், வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிரதியை வேறொரு கணினியில் திறந்து, மொத்தத்தொகை ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்பி இருக்க இயலாது.

இவற்றோடு, மாத இறுதியில் நபர்வாரி நிலுவைப் பட்டியலை அச்சிட்டுச் செயலாளர் கையொப்பத்துடன் கோப்பில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்கு அழிந்தால், கட்டிய தவணைக்கு ரசீதைத் தொலைத்த ஏழை அங்கத்தினரே முதலில் நஷ்டமடைவார். அவர் தம் கணக்கைச் சங்கத்தை நம்பியே விட்டிருக்கிறார். அந்நம்பிக்கையைக் காப்பதற்கு மாதம் ஒரு மணி நேரம் செலவிடுவது நிர்வாகிகளுக்குப் பாரமாகாது.