கறுத்துப்போன குப்பி

ஊரே ஆய்வுக்கூடம் – 6

பள்ளி அறிவியல் கண்காட்சி எதற்குப் போனாலும் மூன்று உருப்படிகள் தவறாமல் கண்ணில் படும். கையை நீட்டினால் தானே மூடி திறக்கும் குப்பைத்தொட்டி. மண் காய்ந்தால் மோட்டாரைப் போட்டுவிடும் ஈரப்பத சென்சார். தெர்மாகோலில் செய்து பச்சை பெயின்ட் அடித்த மழைநீர் சேகரிப்பு வீடு. முதல் இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பையனிடம், “தம்பி, இது நிறைஞ்சதும் குப்பை எங்கே போகும்?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பான். ஆசிரியர் கூரையைப் பார்ப்பார்.

நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆர்டுயினோ போர்டு, சென்சார்கள், முப்பரிமாணப் பிரின்டர் எல்லாம் வந்து இறங்குகின்றன. அவற்றின்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டியைப் பிரித்த பிறகுதான் ‘இதை வைத்து என்ன செய்யலாம்?’ என்று யோசிக்கிறோம். ஊர்ப் பிரச்சினை கடைசியில் ஒரு சார்ட்டில் ஒட்டவைக்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வழி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடமே இருக்கிறது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1990களின் தொடக்கத்தில் குவாலியர் வட்டாரத்தில் சின்னதாக முளைத்து, 1993 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 10 முதல் 17 வயது வரை யாரும் பங்கேற்கலாம். குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் ஒரு கேள்வியை எடுத்து, சில மாதம் அளந்து, எண்ணி, விசாரித்து, நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். சொந்த மொழியிலேயே பேசலாம். பளபளப்பான மாடலைவிட, ஓரம் அழுக்கேறிய அந்தக் குறிப்பேட்டுக்குத்தான் அங்கே மதிப்பு. அந்த ஒரு விதிக்காகவே எனக்கு இந்த மாநாட்டைப் பிடிக்கும்.

குவாலியர் என்றதும் இன்னொரு சங்கதி. அங்குள்ள பாதுகாப்புத்துறை ஆய்வகத்தில் கே.எஸ். மஞ்சாவும் உடன் பணியாற்றிய இருவரும் 1982இல் ஒரு எளிய குடிநீர்ச் சோதனையை வெளியிட்டார்கள். எச்-டூ-எஸ் குப்பி என்று இன்று பலரும் சொல்வது அதைத்தான். குப்பிக்குள் மருந்தில் தோய்த்து உலர்த்திய ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். குறித்த அளவு வரை தண்ணீர் பிடித்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓர் இரவு வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மனித, விலங்குக் கழிவோடு வரும் குடல் பாக்டீரியாக்கள் சில, அந்த மருந்தைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். காகிதத்தில் உள்ள இரும்போடு அது சேர்ந்தால் கறுப்பு. முதலில் காகிதத்தின் ஓரம் மங்கும். பிறகு தண்ணீரே மை கரைத்ததுபோல் ஆகிவிடும். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் தூக்கும். அதனால் திறக்க வேண்டாம். 30 முதல் 37 டிகிரி வரை சூடு போதும் என்பதால், நம் ஊரில் முக்கால்வாசி மாதங்களில் அலமாரியே இன்குபேட்டர்.

இதை வைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன கேட்கலாம்? ‘எங்கள் தண்ணீர் நல்லதா?’ என்று கேட்டால் வேலைக்கு ஆகாது. ‘எந்த இடத்தில் கெடுகிறது?’ என்று கேட்டால் ஆகும். மேல்நிலைத் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்துக் குழாய், கடைசித் தெருக் குழாய், அதே தெருவில் ஒரு வீட்டுப் பானை: நான்கு குப்பிகள். கொதித்து ஆறிய தண்ணீரில் ஐந்தாவது ஒன்று. அது கறுத்தால் நம் கை சுத்தமில்லை என்று பொருள். குப்பியின் மேல் வீட்டுக்காரர் பெயரை எழுதக் கூடாது, எண் மட்டும் போதும். எழுதினால் மறுநாள் காலை வகுப்பில் யாராவது ஒருத்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

இனி துப்பறிய வேண்டும். தொட்டித் தண்ணீர் தெளிவு, கடைசித் தெருவில் கறுப்பு என்றால் சந்தேகம் குழாயின் மேல். நாள் முழுக்கத் தண்ணீர் விடாத ஊர்களில் இது அடிக்கடி நடப்பதுதான். வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்கும். விரிசலோ தளர்ந்த இணைப்போ இருந்தால் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதல் குடம் அதைத்தான் சுமந்து வரும். ஆக, முதல் குடத்தில் ஒரு குப்பி, பத்து நிமிடம் கழித்து ஒரு குப்பி என்று பிள்ளைகளே அடுத்த சோதனைக்குத் தாவிவிடலாம்.

குளோரினையும் பார்த்துவிட வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆர்த்தோடாலிடின் சில சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். குளோரின் கூடக்கூட மஞ்சளும் கூடும். இந்த விஷயத்தில் ஊரில் பெரிய ஆசிரியர் டேங்க் ஆபரேட்டர் அண்ணன்தான். பிளீச்சிங் பவுடரை எப்போது, எவ்வளவு கரைக்கிறார், மூட்டை எத்தனை நாள் திறந்து கிடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். குறை பிடிக்க வந்தவர்கள் மாதிரி போய் நின்றால் வாயைத் திறக்க மாட்டார். “அண்ணே, எங்களுக்குச் சொல்லிக் கொடுங்க” என்று போனால் ஏணி வரைக்கும் கூட்டிப்போவார்.

குழாய் தெளிவு, பானை கறுப்பு என்றால் வேறு கதை. டம்ளரோடு விரலும் பானைக்குள் முங்குகிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே கண்டிருக்கின்றன: குழாயடியில் நன்றாக இருந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கெட்டுப்போகிறது. இதற்குத் தீர்வு சென்சார் அல்ல. நீளக் காம்பு வைத்த அகப்பை, அல்லது அடியில் குழாய் வைத்த பானை. கண்காட்சியில் இதற்குப் பரிசு கிடைக்காது.

கருவி கண்டுபிடிப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குப் போனார்; அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் பேசினார். அவர் தொடங்கிய இடம் தெருவில் துணி தேய்ப்பவரின் கரிப்பெட்டி. ஒரு வண்டி நாளுக்கு எவ்வளவு கரி எரிக்கிறது, நாடு முழுக்க எத்தனை வண்டி என்ற கணக்கு. சோலார் தகடு அதற்குப் பிறகு வந்தது. செய்தித்தாள்கள் தகட்டைத்தான் படம் பிடித்தன.

குப்பிக்கும் எல்லை உண்டு. சில நிலத்தடி நீரில் இயல்பாகவே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும்; பாக்டீரியா இல்லாமலே கறுக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கிற தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கலாம். குப்பி அதைப் பற்றி வாய் திறக்காது. எனவே கறுத்ததை இன்னொரு முறை சோதித்து, மறுபடியும் கறுத்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். பிள்ளைகள் தேதி, இடம், குப்பி எண், நிறம் என்ற நான்கு பத்திப் பட்டியலைப் படிக்கட்டும். பேச்சுப் போட்டி மாதிரி வேண்டாம். தொட்டியை எப்போது கழுவினார்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கறுத்த குப்பிகளை அப்படியே குப்பையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே பெருகியிருப்பது கிருமிக் கூட்டம். ஆசிரியர் கிருமிநாசினி ஊற்றி, சிறிது நேரம் விட்டு, கழிப்பறையில் கொட்டிக் கையைச் சோப்பால் கழுவ வேண்டும்.

அடுத்த வாரம் ஏரிக்கரைக்குப் போகிறோம். ஒரு சாண் அகலத் தட்டு, கொஞ்சம் கறுப்பு பெயின்ட், வெள்ளை பெயின்ட், முடிச்சுப் போட்ட கயிறு தயாராக இருக்கட்டும்.