புறாவின் ரத்தத்தில் மலேரியாவா?

ஒரே புறாவின் ரத்தத்தை ஓர் ஆய்வகம் 'பறவை மலேரியா' என்றும் மற்றொன்று 'ஹீமோபுரோட்டியஸ்' என்றும் எழுதித் தருவது ஏன் என்று புறா வளர்ப்போர் மடல்களில் கேட்கின்றனர். பந்தயப் பருவத்துக்குள் நோயின்மைச் சான்று வாங்கும் அவசரம் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியமும் அதன் உறவான ஹீமோபுரோட்டியஸும் சிவப்பணுவுக்குள் வாழ்ந்து, ஹீமோகுளோபினைச் செரித்த எச்சமாகப் பழுப்பு நிறமியை விடுவதால், நிறமியைக் கண்டதும் 'மலேரியா' என முடிக்கும் அறிக்கையை அப்படியே நம்புவதற்கில்லை. பிளாஸ்மோடியம் சிவப்பணுவுக்குள்ளேயே பிளந்து பெருகும்; புறாக்களில் காணப்படும் ஹீமோபுரோட்டியஸ் கொலம்பேயோ நுரையீரலில் பெருகி, பூச்சியின் உடலில் பாலணுக்களாக மாறவேண்டிய கேமிட்டோசைட்டுகளை மட்டுமே ரத்தத்துக்கு அனுப்பும். பிளவுறும் நிலை கண்ணாடித் தகட்டில் அகப்படாதபோது கேமிட்டோசைட்டின் வடிவமே சான்றாகிறது: கொலம்பேயினுடையது சிவப்பணுவின் உட்கருவை அணைத்தபடி நீண்டு வளையும், 1898இல் கல்கத்தாவில் ரொனால்ட் ராஸ் கொசுவில் பின்தொடர்ந்த பிளாஸ்மோடியம் ரெலிக்டத்தினுடையது உருண்டு, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ரத்தம் உடலை விட்டு வெளியேறிக் குளிர்ந்து, அதிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடும் குறைந்தவுடன், பூச்சியின் குடலை அடைந்துவிட்டது போலவே ஒட்டுண்ணி நடந்துகொள்கிறது. நீண்டிருந்த கேமிட்டோசைட் சில நிமிடங்களில் உருண்டு, அணுவை உடைத்து வெளிவர, ஆணிலிருந்து இழை போன்ற பாலணுக்கள் பிரிகின்றன. 1897இல் வில்லியம் மெக்கல்லம் காக ரத்தத்தில் இப்பாலணுக்கள் பெண் பாலணுவைக் கருவுறச் செய்வதை நேரில் கண்டது அறிவியலுக்குப் பெரும் பேறு. இனங்காண்பவருக்கோ அதே நிகழ்வு சான்றை அழித்துவிடும் தொல்லை. எனவே ரத்தத் துளியை உடனே தகட்டில் மெல்லிதாகத் தடவி, காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்திய பிறகே ஜீம்சா சாயம் ஏற்ற வேண்டும். குழாயில் அடைத்து மணிக்கணக்கில் பயணித்த ரத்தத்திலிருந்து செய்த தகட்டை வைத்துக் கேமிட்டோசைட்டின் வடிவம் பேசுவதில் பொருளில்லை. முத்திரை பதித்த சான்றிதழானாலும், தகடு எப்போது தடவப்பட்டது என்ற குறிப்பில்லையேல் அதிலுள்ள இனப்பெயர் ஐயத்துக்குரியதே.

மரபணுச் சோதனை போதாதா? ஒட்டுண்ணியின் சைட்டோகுரோம் பி மரபணு அதன் வம்சாவளியைக் காட்டும், ஆனால் இரண்டு ஒட்டுண்ணிகள் கலந்திருந்தால் ஒன்று தப்பிவிடக்கூடும்.

தகட்டில் ஒன்றுமில்லை என்றால்? ஹவாய்த் தீவுகளில் மலேரியாவிலிருந்து பிழைத்த பறவைகளின் ரத்தத்தில்கூட ஒட்டுண்ணிகள் தகட்டில் தென்படாத அளவுக்கு அரிதாக இருந்துவிடுவதுண்டு.

எப்படிப் பரவுகிறது? கொலம்பேயைப் புறாவின் இறகுகளுக்குள் ஊரும் தட்டை ஈ பரப்புகிறது, பறவை மலேரியாவைக் கொசு பரப்புகிறது.

மனிதருக்குத் தொற்றுமா? இவை இரண்டும் தொற்றா.