உளச்சோர்வும் இருவகைப் பண்டுவமும்

உளச்சோர்வு வந்து போகும் வருத்தம் அன்று. உறக்கமும் பசியும் ஊக்கமும் நிலைமாறி, முன்பு உவந்தவை யாவும் சுவையற்றுப் போய், இரண்டு கிழமைக்குக் குறையாது நீடிக்கும் நோய். வளரிளையோரிடம் அது பல வேளைகளில் அழுகையாக அன்றி எரிச்சலாக வெளிப்படுவதால், பெற்றோர் அதனைச் செருக்கென்று பிழைபடக் கொள்வதுண்டு.

இந்நோய்க்குச் சொல்லே மருந்தாகும் உளப்பண்டுவம், அமைப்பால் இருவகைப்படும். பண்டுவரும் நோயரும் இருவராய் எதிரெதிர் அமர்வது தனியாள் பண்டுவம். நோயர் பலர் வட்டமாய் அமரப் பண்டுவர் நெறிப்படுத்துவது குழுப் பண்டுவம். முன்னதில் உறவின் இழை ஒன்று. பின்னதில் எழுவரும் பண்டுவரும் கூடினால் அவ்வெண்மரிடையே 28 இழைகள். பண்டுவர் போதாமையால் ஏற்கப்படும் மலிவு மாற்றே குழு என்பார் கூற்று, இவ்விழைகளை எண்ணாதார் கூற்று. தனக்கு மட்டுமே நேர்ந்ததென ஒளித்துவைத்த துன்பத்தைப் பிறர் வாயால் கேட்கும் பேறு, எத்துணைச் சிறந்த பண்டுவராலும் தனியறையில் தர இயலாதது. அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலோம் இதனையே குழுவின் குணமாக்கும் ஆற்றல்களுள் ஒன்றாக வைத்தார். பொதுமையுணர்வு என நாம் அதனை வழங்கலாம்.

போரால் இடம்பெயர்ந்தோர் வாழ்ந்த வட உகாண்டாக் குடியிருப்புகள் இரண்டில், 14 முதல் 17 அகவையினர் 314 பேரிடம் நிகழ்ந்து 2007இல் வெளியான ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. அயல்மொழிப் பெயரைத் திணிக்காமல், அங்கு வாழும் அச்சோலி இன மக்கள் தம் வாயால் வழங்கிய நோய்ப்பெயர்களைக் கொண்டே ஆய்வாளர் அளவுகோல் சமைத்தனர். தாய்மொழியில் பெயர் பெற்ற துன்பம் பண்டுவத்துக்கு எளிதில் வழிவிடும் என்பது என் எண்ணம். ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுக்களாய் 16 கிழமை கூடினர். பெண்களிடம் சோர்வு தெளிவாகக் குறைந்தது. ஆண்களிடம் அத்தகைய தெளிவான பயன் புலப்படவில்லை. துயரை வாய்விட்டுரைக்க ஆண்மகனுக்கு ஊர் இடங்கொடாமை அதன் கரணியமாகலாம் என்பது என் கருத்து.

இருவகையையும் நேர்நிறுத்தி, புவர்ட்டோ ரிக்கோவில் வளரிளையோர் 112 பேரிடம் செய்த மற்றோர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. தனியாள் அமைப்புக்கும் குழு அமைப்புக்கும் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அதில் இல்லை. எனினும் உயிர் துறக்கும் எண்ணம் முற்றியவரை முதலில் தனியே காத்தல் வேண்டும்.

குழுவில் நிகழ்வது யாது? உகாண்டாக் குழுக்களில் கையாண்ட முறைக்கு ஆளிடை உறவுப் பண்டுவம் என்று பெயர். அது சோர்வின் தோற்றுவாயை இழப்பு, பூசல், வாழ்நிலை மாற்றம், தனிமை என நான்காய் வகுக்கும். சிற்றன்னையோடு பூசல் என்று ஒருத்தி சொன்னால், குழுவினள் ஒருத்தி அச்சிற்றன்னையாக எதிரே அமர்கிறாள். வீட்டில் சொல்ல வேண்டிய சொல் முதலில் அங்கே, தோழியர் நடுவில், சொல்லிப் பார்க்கப்படுகிறது.