முதல் குழந்தை சிசேரியன், இரண்டாவது எப்படி?

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவன்று, சமையற்கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் இளம் சகோதரி மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, எனக்கு இது ஐந்தாம் மாதம். முதல் குழந்தை ஆபரேஷன். இதுவும் ஆபரேஷன்தான் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். சுகப்பிரசவம் ஆக வழியே இல்லையா?" என்று கேட்டார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாகச் சொல்ல முயல்கிறேன். நான் டாக்டர் அல்ல. இரண்டு முறை அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவள். மருமகளின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணை நின்றவள். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். முடிவு உங்களுடையது, உங்கள் டாக்டருடன் பேசி எடுக்க வேண்டியது.

என் அனுபவம்

1988ல் திருமணமாகிக் கும்பகோணத்திலிருந்து மைசூருக்கு வந்தேன். வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனேன். எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டுவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்ததால் அவசரமாக ஆபரேஷன் செய்து மகனை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். அதில் மருந்துகளின் பெயர் தவிர என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. வீடு மாறும்போது அதுவும் தொலைந்தது.

1993ல் இரண்டாவது முறை கருவுற்றபோது மைசூரிலேயே பார்த்துக்கொண்டோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "போன ஆபரேஷனில் கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள்?" என்பதுதான். எனக்கு என்ன தெரியும்? கும்பகோணத்தில் என் அப்பா வெயிலில் அலைந்து அந்த ஆஸ்பத்திரியில் கேட்டார். பழைய ஏடுகள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "வெட்டு எப்படிப்பட்டது என்று தெரியாமல் உன்னை வலிக்கு விட எனக்குத் துணிவில்லை" என்றார் டாக்டரம்மா. மறுபடியும் ஆபரேஷன். கைக்குழந்தையோடும் மூன்று வயதுப் பையனோடும், வயிற்றில் தையலோடும், துணைக்கு ஆளில்லாமல் நான் பட்ட பாட்டை வெளியூரில் குடித்தனம் செய்யும் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டாக்டரம்மா செய்தது சரிதான் என்று பின்னால் புரிந்தது. ஆனால் ஒரு காகிதம் கையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பழைய விதி எங்கிருந்து வந்தது?

ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற பேச்சு நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1916ல் நியூயார்க் நகரத்து மகப்பேறு டாக்டர் எட்வின் கிராகின் இதை எழுதினார். முதல் சிசேரியனையே எளிதாக எண்ணிச் செய்துவிடக் கூடாது என்று எச்சரிப்பதே அவர் நோக்கம். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டுவார்கள். பிரசவ வலியின்போது நன்றாகச் சுருங்கி இழுபடுவது அந்தப் பகுதிதான். அதனால் அங்கே போட்ட தையல் அடுத்த பிரசவத்தில் பிரிந்துவிடும் அபாயம் அதிகம்.

1920களில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் மன்றோ கெர், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையை வற்புறுத்திப் பரப்பினார். கீழ்ப்பகுதி மெல்லியது, அதிகம் சுருங்காதது, அங்கே ஆறும் தழும்பு நன்றாகத் தாங்குகிறது. இன்று மிகப் பெரும்பாலும் நடப்பது இந்தக் குறுக்கு வெட்டுதான். வெட்டும் முறை மாறியும் பழைய விதி மட்டும் வாய்வழியாக நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. தோலில் குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். மாதம் நிறையாத குழந்தை, குறுக்கே கிடக்கும் குழந்தை போன்ற நிலைகளில் இன்றும் சில சமயம் நெடுக்கு வெட்டுத் தேவைப்படுகிறது. என் டாக்டரம்மா தயங்கியதும் இதனால்தான்.

இரண்டு வழியிலும் உள்ள நன்மை தீமை

கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்கு வெட்டு உள்ள தாய்மார்கள் தாமாக வலி கண்டு முயன்றால், நூற்றுக்கு 72 முதல் 75 பேர் வரை சுகமாகப் பெற்றெடுக்கிறார்கள் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி கூறுகிறது. இதற்கு முன் ஒரு முறையாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு இது 85 முதல் 90 வரை போகிறது.

இதிலுள்ள பெரிய அபாயம், வலியின்போது கர்ப்பப்பைத் தழும்பு பிரிந்துவிடுவது. இது ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்கு நேர்கிறது. அமெரிக்காவில் 1999 முதல் 2002 வரை 17,898 பெண்களைக் கவனித்து, 2004ல் வெளியான ஆய்வில் 124 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 0.7 பேருக்கு, இப்படி ஆனது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் ஆகிவிட்டால் குழந்தையைக் காப்பாற்றச் சில நிமிடங்களே இருக்கும்; தாய்க்கு இரத்தம் தேவைப்படும்; சில வேளை கர்ப்பப்பையையே எடுக்க நேரும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முயன்று பார்த்து, முடியாமல் கடைசியில் அவசர ஆபரேஷன் ஆனால், முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷனைவிட அதில் தொல்லைகள் அதிகம். எனவே வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பதை முதலிலேயே கணக்கிட வேண்டும்.

சரி, நேராக மறு ஆபரேஷனுக்கே போய்விட்டால்? தழும்பு பிரியும் பயம் அநேகமாக இல்லை. நாளும் முன்னதாகவே தெரியும். ஆனால் வயிற்றில் மறுபடி வெட்டு, தேற அதிக நாள், உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கொள்ளும் தொல்லை ஆகியவை உண்டு. மேலும், ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடிப் பிரிக்க முடியாமல் போகும் ஆபத்துக் கூடுகிறது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்தாற்போலக் கீழே அமர்ந்துவிட்டால், இரண்டாவது சிசேரியனில் நூற்றுக்கு 11 பேருக்கும் மூன்றாவதில் 40 பேருக்கும் இப்படி நேர்வதாக 2006ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஆகவே மூன்றாவது குழந்தை வேண்டும் என்று எண்ணும் தம்பதிகள் அதை இப்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கேள்வி இன்று பல வீடுகளின் கேள்வி. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நூறு பிரசவத்தில் சிசேரியன் கர்நாடகத்தில் 31.5, நம் தமிழ்நாட்டில் 44.9.

யார் முயலலாம், யார் கூடாது?

முயல ஏற்றவர்கள்: கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்கு வெட்டு உள்ளவர்கள், வயிற்றில் ஒரே குழந்தை, தலை கீழே உள்ளவர்கள், முதல் ஆபரேஷனின் காரணம் இம்முறை இல்லாதவர்கள். உதாரணமாக, முதல் குழந்தை தலைமாறி இருந்ததால் ஆபரேஷன் நடந்து, இது நேராக இருந்தால் நல்ல வாய்ப்பு.

வாய்ப்புக் குறைவானவர்கள்: முதல் முறை வலி வந்தும் பிரசவம் முன்னேறாமல் நின்றவர்கள், உடல் எடை மிக அதிகமானவர்கள், ஒரு முறைகூடச் சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மருந்து கொடுத்து வலி வரவழைக்க வேண்டியவர்கள். வலியை மருந்தால் வரவழைத்தால் தழும்பு பிரியும் அபாயம் இரண்டு மூன்று மடங்காகிறது. இரண்டு பிரசவங்களுக்கும் இடையே 18 மாதம்கூட இல்லாவிட்டாலும் அபாயம் கூடும்.

முயலவே கூடாதவர்கள்: நெடுக்கு வெட்டு உள்ளவர்கள், முன்பே தழும்பு பிரிந்தவர்கள், நஞ்சுக்கொடி வாயை மறைத்திருப்பவர்கள்.

நம் சங்கத்திலேயே இன்னொரு சகோதரிக்கு முதல் முறை பதினாறு மணி நேர வலிக்குப் பின் ஆபரேஷன் ஆனது. இரண்டாவது குழந்தையும் பெரியது. அவர் யோசித்து, நேரே ஆபரேஷனையே தேர்ந்தெடுத்தார். "நீ ஏன் முயலவில்லை?" என்று சிலர் கேட்டது அவரை வருத்தியது. அப்படிக் கேட்பது தவறு. எல்லாம் தெரிந்து அவர் எடுத்த முடிவு, சுகப்பிரசவத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

எங்கே பார்ப்பது?

முயல்வது என்று முடிவானால், இடம் மிக முக்கியம். இரவு இரண்டு மணிக்கும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், இரத்தம், குழந்தை டாக்டர் எல்லாம் கிடைக்கும் ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். வலி தொடங்கியது முதல் குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் கவனிக்க வேண்டும். சிறிய நர்சிங் ஹோம் ஒன்று "எங்களால் இயலாது" என்று சொன்னால், அதை நேர்மையாகவே கொள்ளுங்கள். நம் ஊரில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த செலுவாம்பா அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி உண்டு. தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உண்டு. எங்கே போனாலும் மேற்சொன்ன வசதிகளை வாய்விட்டுக் கேளுங்கள்.

ஊருக்குப் போய்ப் பெறுவதா, இங்கேயா என்பதையும் ஏழாம் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். கும்பகோணம் போகும் இரவு ரயிலில் நிறைமாதத்தில் ஏறி, தெரியாத டாக்டரிடம் கடைசி வாரத்தில் போய் நின்றால், அவர் ஆபரேஷன் என்றுதான் சொல்வார். அவர் மேல் குற்றம் இல்லை.

வலியின் நடுவே, வலி விட்ட நேரத்திலும் தழும்பு உள்ள இடத்தில் தொடர்ந்து வலித்தாலோ, இரத்தம் பட்டாலோ, வந்த வலி திடீரென்று நின்றாலோ உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். வீட்டில் காத்திருந்து பார்க்கும் வேலையே வேண்டாம். வலியோ பனிக்குட நீரோ கண்டவுடன் கிளம்பிவிட வேண்டும்.

நல்ல நாள் பார்ப்பவர்களுக்கு

ஆபரேஷன் என்று முடிவானதும் நம் வீடுகளில் பஞ்சாங்கத்தை எடுக்கிறோம். பெரியவர்கள் மனம் கோணாமல் ஒன்று சொல்கிறேன். 39 வாரம் நிறையும் முன் காரணமின்றி எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம் வருகிறது. நட்சத்திரம் பார்ப்பதானால் டாக்டர் சொல்லும் வாரத்துக்குள் பாருங்கள்.

அந்தக் காகிதம்

நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். சிசேரியன் ஆன ஒவ்வொரு பெண்ணும் வீடு திரும்புமுன் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை: ஆபரேஷனுக்குக் காரணம் என்ன, அப்போது எத்தனை வாரம், கர்ப்பப்பையில் வெட்டு எங்கே, குறுக்கா நெடுக்கா, வெட்டு ஓரம் கிழிந்து நீண்டதா, பின்னால் காய்ச்சலோ சீழோ வந்ததா. புரியாவிட்டால் டாக்டரிடமே கேட்டு, தமிழில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கர்நாடகத்தின் தாயி கார்டோடும் ஊரில் வாங்கிய சீட்டுகளோடும் ஒரே உறையில் வையுங்கள். ஒரு புகைப்படம் கணவர் போனிலும் இருக்கட்டும். இரண்டு மாநிலத்தில் வாழும் நம் போன்றவர்களுக்கு ஆஸ்பத்திரி மாறும், டாக்டர் மாறுவார், மொழி மாறும். நம்மோடு கூடவே வருவது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

காகிதம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். முதல் ஆபரேஷனின் காரணத்தை வைத்து டாக்டர் ஓரளவு ஊகிக்க முடியும். வெட்டுத் தெரியவில்லை என்ற ஒன்றுக்காகவே எல்லோரையும் விலக்குவதில்லை.

மருமகள் பிரசவம்

என் மருமகளுக்கு 2020ல் தலைப்பிரசவம், தஞ்சாவூரில் அவள் தாய்வீட்டில். குழந்தை தலைமாறி இருந்ததால் சிசேரியன். பேரனைப் பார்க்கப் போன நான், சம்பந்தியம்மாவிடம் முதலில் கேட்டது அந்தக் குறிப்பைத்தான். "என்ன சம்பந்தி, குழந்தையைக் கேட்காமல் காகிதத்தைக் கேட்கிறீர்கள்!" என்று சிரித்தார்.

2024ல் மைசூரில் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டபோது, மருமகள் உறையைத் திறந்து நீட்டினாள். கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு. காரணம் தலைமாறிய குழந்தை. டாக்டர் இரண்டு வழிகளையும் அரை மணி நேரம் விளக்கி, "யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். முயன்று பார்க்கலாம், நடுவில் ஆபரேஷன் என்றால் அதற்கும் சம்மதம் என்று அவளும் என் மகனும் முடிவு செய்தார்கள். நாள் நெருங்கியபோது வலி தானே வந்தது. பிரசவ வார்டின் வாசலில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்த நர்ஸ், "ஹெண்ணு மகு, நார்மல்" என்று கன்னடத்தில் சொன்னார்.

பேத்தி சுகமாகப் பிறந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதைவிடப் பெரிய நிறைவு, இரண்டு வழியையும் கேட்டு, இதுதான் என்று சொல்லும் உரிமை என் மருமகளுக்குக் கிடைத்தது. 1993ல் எனக்கு அது கிடைக்கவில்லை.

பொங்கலன்று கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான்: வழி இருக்கலாம். முதலில் உங்கள் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுங்கள். பிறகு கணவரையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.